பில்ட்-இன்: இருக்கிறதா? இயங்குகிறதா?

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கச் செல்பவர்களின் கையில் கடைக்காரர் முதலில் கொடுப்பது கொட்டேஷன் எனப்படும் விலைப்பட்டியல். அதில் பிராசசர், ராம், எஸ்.எஸ்.டி. ஆகிய பெயர்களுக்கு இடையே ஒரு சொல் பல இடங்களில் வரும். பில்ட்-இன் கிராஃபிக்ஸ், பில்ட்-இன் ஸ்பீக்கர், பில்ட்-இன் வை-ஃபை என்று அது இருக்கும். காந்திபுரம் கடைகளில் இதையே 'இன்பில்ட்' என்றும் சொல்வார்கள். இரண்டும் ஒன்றுதான்.

இந்தச் சொல் புரியாமல் கம்ப்யூட்டர் வாங்கினால் இரண்டு வகையில் பணம் வீணாகும். ஏற்கனவே உள்ளே இருக்கும் ஒன்றையே மீண்டும் காசு கொடுத்து வாங்குவோம். அல்லது இருக்கிறது என்று நம்பி வாங்கிய ஒன்று இல்லாமல் போய், பின்னால் தனியாக வாங்குவோம். கோவையில் சாஃப்ட்வேர் இன்ஜினியராக வேலை செய்யும் என்னிடம், புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கிய உறவினர்கள் கேட்கும் சந்தேகங்களில் பாதி இந்தச் சொல்லைச் சுற்றித்தான் வருகிறது. எனவே இதனை முழுமையாகப் பார்ப்போம்.

சொல்லின் பொருள்

'பில்ட்' என்றால் கட்டுவது. அதன் இறந்தகால வடிவத்துடன் 'இன்' என்ற சொல்லை ஒரு சிறு கோடு போட்டு இணைத்தால் 'பில்ட்-இன்' என்ற கூட்டுப் பெயரடை கிடைக்கிறது. கட்டும்போதே உள்ளே சேர்த்துக் கட்டப்பட்ட என்பது இதன் நேரடிப் பொருள். கம்ப்யூட்டர் தமிழில் 'உள்ளமைந்த' என்று எழுதுகிறோம்.

நம் பக்கத்துப் பழைய ஓட்டு வீடுகளில் விளக்கு வைக்கச் சுவரிலேயே மாடம் விட்டுக் கட்டியிருப்பார்கள். அது பில்ட்-இன். ஆணி அடித்து மாட்டும் பலகை பில்ட்-இன் அல்ல. மாடத்துக்குத் தனியாகக் காசு கொடுக்க வேண்டியதில்லை, வீட்டோடு வருகிறது. ஆனால் வீடு மாறிப் போகும்போது மாடத்தைக் கழற்றி எடுத்துப் போக முடியாது. சிறியதாக இருக்கிறது என்று பெரிதாக்கவும் முடியாது. கம்ப்யூட்டரில் பில்ட்-இன் என்று வரும் எல்லாவற்றுக்கும் இந்த வசதியும் உண்டு, இந்தக் கட்டுப்பாடும் உண்டு.

எழுதும்போது ஒரு சிறு விதியை நினைவில் வைக்கலாம். பெயர்ச்சொல்லுக்கு முன்னால் வந்தால் நடுவில் சிறு கோடு வரும். ஸ்பீக்கர் என்ற சொல்லுக்கு முன்னால் எழுதும்போது கோடு போட வேண்டும். வாக்கியத்தின் முடிவில், ஸ்பீக்கர் உள்ளே அமைக்கப்பட்டுள்ளது என்ற பொருளில் எழுதும்போது பெரும்பாலும் கோடு போடுவதில்லை.

குழப்பும் உறவுக்காரச் சொற்கள்

பில்ட்-இன் போலவே ஒலிக்கும் வேறு சில சொற்களும் கொட்டேஷனில் இருக்கும். இவை ஒன்றல்ல.

ஆன்-போர்டு: மதர்போர்டிலேயே பதிக்கப்பட்டது. இதுவும் ஒரு வகை பில்ட்-இன்தான். சவுண்ட், லேன் ஆகியவை இன்று பெரும்பாலும் ஆன்-போர்டாகவே வருகின்றன. 1990களில் சவுண்ட் கார்டு, மோடம் கார்டு, டிஸ்ப்ளே கார்டு என ஒவ்வொன்றையும் தனித்தனியே வாங்கிச் செருக வேண்டியிருந்தது. 1999ல் வந்த இன்டெல் 810 போன்ற சிப்செட்டுகள் டிஸ்ப்ளே வேலையை மதர்போர்டுக்கே கொண்டு வந்தன. வீட்டு உபயோகக் கம்ப்யூட்டரின் விலை குறைந்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

ப்ரீ-இன்ஸ்டால்டு: முன்பே பதியப்பட்ட சாஃப்ட்வேர். கம்ப்யூட்டரைத் தயாரித்த நிறுவனம் பதிந்து அனுப்பியது. இதை நீங்கள் நீக்கலாம். பல நேரங்களில் இது குறிப்பிட்ட நாட்களுக்கு மட்டுமே இயங்கும் சோதனைப் பதிப்பாக இருக்கும்.

ஆட்-ஆன்: பின்னால் நாம் சேர்த்துக் கொள்வது. பில்ட்-இன் என்பதற்கு நேர் எதிரானது.

ரெடி: ஏதோ ஒன்றுக்குத் 'தயார்' என்று போட்டிருந்தால், அதற்கான இடமோ இணைப்போ இருக்கிறது என்றுதான் பொருள். அந்தப் பொருளே உள்ளே இருக்கிறது என்று பொருள் அல்ல. வை-ஃபை ரெடி என்று போட்ட சில மதர்போர்டுகளில் வை-ஃபை கார்டு செருகும் இடம் மட்டுமே இருக்கும். கார்டை நாம்தான் வாங்க வேண்டும்.

பில்ட்-இன் கிராஃபிக்ஸ்: ஓர் எழுத்தில் உள்ள வேறுபாடு

இன்றைய கம்ப்யூட்டர்களில் டிஸ்ப்ளே வேலையைச் செய்யும் பகுதி பெரும்பாலும் பிராசசருக்கு உள்ளேயே இருக்கிறது. படம் பார்க்க, இணையத்தில் உலவ, கணக்கு எழுத, பிள்ளைகள் பாடம் படிக்க இதுவே போதும். தனி கிராஃபிக்ஸ் கார்டு தேவையில்லை.

ஆனால் எல்லாப் பிராசசரிலும் இது இல்லை. இன்டெல் ஐ5-12400 என்ற பிராசசரில் பில்ட்-இன் கிராஃபிக்ஸ் உண்டு. அதே எண்ணுடன் கடைசியில் எஃப் என்ற ஆங்கில எழுத்து சேர்ந்து வரும் ஐ5-12400எஃப் பிராசசரில் அது கிடையாது. ஏ.எம்.டி.யில் ரைசன் 5 5600 பிராசசரில் இல்லை. 5600ஜி பிராசசரில் உண்டு. விலையில் சிறிது குறைகிறதே என்று எஃப் பிராசசரை வாங்கினால், தனி கிராஃபிக்ஸ் கார்டு இல்லாமல் மானிட்டரில் எதுவுமே தெரியாது.

எங்கள் தெருவில் ஒருவர் எஃப் பிராசசருடன் கம்ப்யூட்டரை அசெம்பிள் செய்து வாங்கியிருந்தார். கிராஃபிக்ஸ் கார்டு பழுதாகி சர்வீசுக்குப் போனது. மதர்போர்டின் பின்புறம் எச்.டி.எம்.ஐ. துளை இருக்கிறதே என்று கேபிளை அதில் செருகிப் பார்த்தார். திரை கறுப்பாகவே இருந்தது. "ஏனுங்க தம்பி, ஓட்டை இருக்குது, ஒயரும் சரியாத்தான் இருக்குது, அப்புறம் ஏனுங்க வர மாட்டீங்குது?" என்று என்னிடம் கேட்டார். மதர்போர்டு தயாரிப்பாளர் அந்தத் துளையை எல்லாப் பிராசசருக்கும் பொதுவாக வைத்திருக்கிறார். துளைக்குப் பின்னால் வேலை செய்ய வேண்டிய பகுதி பிராசசருக்குள் இருந்தால்தான் படம் வரும். துளை இருப்பதை வைத்து பில்ட்-இன் கிராஃபிக்ஸ் இருக்கிறது என்று முடிவு செய்யக் கூடாது.

இன்னொன்றையும் கவனிக்கவும். பில்ட்-இன் கிராஃபிக்ஸுக்கு என்று தனி மெமரி கிடையாது. கம்ப்யூட்டரின் ராமில் இருந்தே ஒரு பகுதியை எடுத்துக் கொள்ளும். ஸ்டார்ட் பட்டனில் கிளிக் செய்து செட்டிங்ஸ், சிஸ்டம், அபவுட் என்று செல்லுங்கள். 8 ஜி.பி. ராம் என்று காட்டி, பக்கத்திலேயே பயன்படுத்தக் கூடியது அதைவிடச் சற்றுக் குறைவு என்று காட்டினால், கடைக்காரர் ஏமாற்றிவிட்டார் என்று நினைக்க வேண்டாம். அந்த வித்தியாசத்தின் பெரும்பகுதி டிஸ்ப்ளேக்குப் போயிருக்கும்.

லேப்டாப் வாங்குபவர்கள் ராமையும் விசாரிக்க வேண்டும். மெல்லிய லேப்டாப்கள் பலவற்றில் ராம் மதர்போர்டிலேயே சால்டர் செய்யப்பட்டிருக்கும். இதுவும் பில்ட்-இன்தான். இரண்டு ஆண்டுகள் கழித்து 8 ஜி.பி. போதவில்லை என்றால் மாற்ற வழி இருக்காது. மாடத்தைப் பெரிதாக்க முடியாது என்று மேலே சொன்னது இதைத்தான்.

ஆன்டி வைரஸ்: இருப்பதையே மீண்டும் வாங்காதீர்கள்

கோபிசெட்டிபாளையத்தில் இருக்கும் என் பெரியப்பா லேப்டாப் வாங்கிய இரண்டாம் மாதம் போன் செய்தார். "ஏங்கண்ணு, ஆன்டி வைரஸ் உள்ளயே இருக்குதுன்னு சொல்லித்தான கொடுத்தாங்க? இப்பக் காசு கட்டுங்கறான். கட்டலீன்னா எல்லாம் அழிஞ்சு போயிருமா?" என்று கேட்டார். திரையின் மூலையில் தினமும் சிவப்பு எச்சரிக்கை வந்து அவரைப் பயமுறுத்தியிருக்கிறது.

அது பில்ட்-இன் அல்ல, ப்ரீ-இன்ஸ்டால்டு. சோதனைக் காலம் முடிந்து பணம் கேட்கிறது. உண்மையில் பில்ட்-இன் ஆன்டி வைரஸ் விண்டோஸிலேயே இருக்கிறது. 2012ல் வெளியான விண்டோஸ் 8 முதல் டிஃபெண்டர் என்ற பெயரில் முழுமையான ஆன்டி வைரஸ் விண்டோஸுடன் சேர்ந்தே வருகிறது. தனிக் கட்டணம் கிடையாது.

ஆனால் வேறொரு ஆன்டி வைரஸ் பதியப்பட்டிருந்தால், இரண்டும் மோதிக் கொள்ளாமல் இருக்க டிஃபெண்டர் ஒதுங்கிக் கொள்ளும். எனவே சோதனைப் பதிப்பைத் தொடர விருப்பமில்லை என்றால் அதை அப்படியே விட்டுவிடாமல், செட்டிங்ஸ், ஆப்ஸ், இன்ஸ்டால்டு ஆப்ஸ் சென்று நீக்கிவிடவும். கம்ப்யூட்டரை ரீஸ்டார்ட் செய்யவும். பின்னர் ஸ்டார்ட் மெனுவில் விண்டோஸ் செக்யூரிட்டி என டைப் செய்து என்டர் தட்டவும். கிடைக்கும் விண்டோவில் வைரஸ் பாதுகாப்புப் பகுதியில் பச்சை நிற டிக் அடையாளம் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் டிஃபெண்டர் வேலையைத் தொடங்கிவிட்டது என்று பொருள். பெரியப்பாவின் லேப்டாப்பில் இதைச் செய்யப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை.

இதே போல, லேப்டாப்புடன் வரும் ஆபீஸ் தொகுப்பு முழுப் பதிப்பா, ஒரு மாதச் சோதனையா என்பதையும் வாங்கும்போதே கேட்டு, பில்லில் எழுதி வாங்குங்கள்.

தமிழ் எப்போது பில்ட்-இன் ஆனது?

பில்ட்-இன் என்ற சொல்லுக்கு நமக்கு நெருக்கமான உதாரணம் நம் மொழிதான். புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் கேட்பது, "இதில் தமிழ் இருக்கிறதா?" இருக்கிறது. ஆனால் அது உள்ளே வந்த கதையைத் தெரிந்து கொண்டால், வீட்டில் இருக்கும் பழைய ஃபைல்களைக் காப்பாற்றிக் கொள்ளலாம்.

1990களில் தமிழ் என்பது முழுக்க ஆட்-ஆன். பாமினி போன்ற ஒரு ஃபாண்டை வாங்கிப் பதிந்து கொள்வோம். அந்த ஃபாண்ட் என்ன செய்தது? ஆங்கில எழுத்துகளுக்கு உரிய எண்களில், அவற்றின் உருவத்தை மட்டும் தமிழாக மாற்றி வைத்தது. கம்ப்யூட்டரைப் பொறுத்தவரை நீங்கள் டைப் செய்தது ஆங்கிலம்தான். கண்ணுக்கு மட்டும் தமிழ். அதே ஃபைலை ஃபாண்ட் இல்லாத வேறொரு கம்ப்யூட்டரில் திறந்தால் ஆங்கில எழுத்துகளும் குறியீடுகளும் கலந்த குப்பையாகத் தெரியும். ஒவ்வொரு நிறுவனமும் வெவ்வேறு எண்முறையில் ஃபாண்ட் வெளியிட்டதால் ஒருவர் எழுதியது இன்னொருவருக்குப் படிக்கக் கிடைக்கவில்லை.

இதற்கு வழி, தமிழ் எழுத்துகளுக்கு என்றே தனி எண்கள் வேண்டும் என்பது. 1991ல் வெளியான யூனிகோடின் முதல் பதிப்பிலேயே தமிழுக்கு 128 இடங்கள் கொண்ட பகுதி ஒதுக்கப்பட்டது. 1999ல் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டை அடுத்து தமிழ் 99 என்ற கீபோர்டு முறை தரமாக ஏற்கப்பட்டது. 2000ல் வந்த விண்டோஸ் 2000ல் லதா என்ற யூனிகோட் தமிழ் ஃபாண்ட் இடம் பெற்றது. ஆக, 2000ல் தமிழ் விண்டோஸில் பில்ட்-இன் ஆகிவிட்டது.

ஆனாலும் பலரது கம்ப்யூட்டரில் தமிழ் தெரியவில்லை. ஏன்? 2001ல் வந்து பல ஆண்டுகள் எங்கும் ஓடிய விண்டோஸ் எக்ஸ்பி.யில் தமிழுக்கான ஃபைல்கள் சி.டி.யில் இருந்தன, தானாகப் பதியப்படவில்லை. கண்ட்ரோல் பேனலில் ரீஜனல் அண்ட் லாங்குவேஜ் ஆப்ஷன்ஸ் திறந்து, சிக்கலான எழுத்து வடிவங்களுக்கான ஃபைல்களைப் பதியவும் என்ற கட்டத்தில் டிக் அடையாளம் ஏற்படுத்தி, எக்ஸ்பி சி.டி.யைப் போட வேண்டும். அதைச் செய்யாதவர்களுக்குத் தமிழ்த் தளங்களில் வெறும் கட்டங்கள்தான் தெரிந்தன.

சிக்கலான எழுத்து என்று தமிழை ஏன் சொல்கிறார்கள் என்று கேட்கலாம். 'கொ' என்ற எழுத்தை எடுத்துக் கொள்ளுங்கள். கம்ப்யூட்டர் சேமித்து வைப்பது முதலில் க, அடுத்து ஒகரக் குறி. ஆனால் திரையில் காட்டும்போது கொம்பை எழுத்துக்கு முன்னாலும் காலைப் பின்னாலும் பிரித்து வைக்க வேண்டும். ஆங்கிலத்துக்கு இந்த வேலை தேவையில்லை. இதைச் செய்யத் தனி சாஃப்ட்வேர் பகுதி வேண்டும். 2007ல் பொதுமக்களுக்கு வந்த விண்டோஸ் விஸ்டா முதல் அந்தப் பகுதி தானாகவே இயங்கும் நிலையில் வருகிறது.

அரசு அலுவலகங்களிலும் பல ஃபாண்ட் குழப்பம் இருந்தது. 2010 ஜூன் 23 முதல் 27 வரை நம் கோவை கொடிசியா வளாகத்தில் உலகத் தமிழ்ச் செம்மொழி மாநாடு நடந்தபோது தமிழ் இணைய மாநாடும் உடன் நடந்தது. யூனிகோடையும், அதனுடன் டேஸ் 16 என்ற எண்முறையையும் தமிழக அரசின் தரங்களாக ஏற்கும் அரசாணை அந்த ஜூன் 23 அன்று தேதியிட்டு வந்தது. கம்ப்யூட்டரில் எது பில்ட்-இன் ஆக இருக்கிறதோ, அதையே அலுவலகமும் பயன்படுத்தும் நிலைக்கு அது வழி செய்தது.

கீபோர்டு மட்டும் வெளியே நின்றது. தமிழ் 99 முறையில் டைப் செய்ய இ-கலப்பை, என்.எச்.எம். ரைட்டர், அழகி போன்ற ஆட்-ஆன் சாஃப்ட்வேர்களையே நம்பியிருந்தோம். 2019ல்தான் விண்டோஸ் 10ல் தமிழ் 99 பில்ட்-இன் ஆனது. தரம் வந்தது 1999ல். உள்ளே வந்தது இருபது ஆண்டுகள் கழித்து.

இன்று நீங்கள் செய்ய வேண்டியது

விண்டோஸ் 11ல் தமிழ் படிக்க எதையும் செய்ய வேண்டாம். நிர்மலா என்ற ஃபாண்ட் உள்ளேயே இருக்கிறது. டைப் செய்ய மட்டும் ஒரு முறை இயக்கிவிட வேண்டும்.

1. விண்டோஸ் கீயுடன் ஐ கீயை அழுத்தி செட்டிங்ஸ் திறக்கவும்.

2. டைம் அண்ட் லாங்குவேஜ் பிரிவில் லாங்குவேஜ் அண்ட் ரீஜியன் தேர்ந்தெடுக்கவும்.

3. ஆட் எ லாங்குவேஜ் கிளிக் செய்து தேடும் கட்டத்தில் தமிழ் என்பதை ஆங்கில எழுத்துகளில் டைப் செய்யவும். தமிழ், இந்தியா என்பதைத் தேர்ந்தெடுத்து இன்ஸ்டால் செய்யவும். விண்டோஸின் மெனுக்கள் ஆங்கிலத்திலேயே இருக்க வேண்டுமானால், டிஸ்ப்ளே மொழியாக அமைக்கும் கட்டத்தில் டிக் அடையாளம் இல்லாமல் பார்த்துக் கொள்ளவும்.

4. பட்டியலில் தமிழுக்கு எதிரே உள்ள மூன்று புள்ளிகளில் கிளிக் செய்து லாங்குவேஜ் ஆப்ஷன்ஸ் செல்லவும். ஆட் எ கீபோர்டு கிளிக் செய்து தமிழ் 99 அல்லது ஃபொனடிக் தேர்ந்தெடுக்கவும். ஃபொனடிக் என்பது அம்மா என்பதை ஆங்கில ஒலிப்படி அடித்தால் தமிழில் தருவது.

5. இனி விண்டோஸ் கீயுடன் ஸ்பேஸ் பாரை அழுத்தினால் ஆங்கிலமும் தமிழும் மாறி மாறி வரும்.

பழைய ஃபைல்கள் வைத்திருப்பவர்களுக்கு முக்கியமான குறிப்பு இது. பில்ட்-இன் என்பது நிரந்தரம் அல்ல. லதா ஃபாண்டே விண்டோஸ் 10ல் விருப்பப்பட்டால் சேர்த்துக் கொள்ளும் கூடுதல் ஃபாண்ட் பட்டியலுக்குப் போய்விட்டது. ஆனாலும் லதாவில் எழுதிய ஃபைல் புதிய கம்ப்யூட்டரில் வேறு ஃபாண்டில் ஒழுங்காகத் தெரியும். ஏனென்றால் உள்ளே இருப்பது யூனிகோட். எழுத்தின் எண் மாறவில்லை. பாமினியில் எழுதிய ஃபைலுக்கு இந்த வசதி இல்லை. குடும்பக் கணக்கு, தோட்டத்துப் பத்திரத்தின் நகல், கல்யாணப் பத்திரிகை என எது பாமினியில் இருந்தாலும், பழைய கம்ப்யூட்டரை எடைக்குப் போடும் முன் யூனிகோடுக்கு மாற்றிக் கொள்ளுங்கள். என்.எச்.எம். கன்வர்ட்டர் போன்ற மாற்றிகள் இருக்கின்றன. நடுவில் வரும் ஆங்கிலச் சொற்கள் மாற்றும்போது சிதைந்துவிடும் என்பதால், மாற்றிய பிறகு ஒரு முறை படித்துச் சரிபார்க்கவும். பழைய ஃபைலையும் அதன் ஃபாண்டையும் ஒரு பென் டிரைவில் போட்டு வையுங்கள்.

கடையில் கேட்க வேண்டிய மூன்று கேள்விகள்

பில்ட்-இன் என்ற சொல்லைக் கேட்டவுடன் கடைக்காரரிடம் இந்த மூன்றையும் கேளுங்கள்.

ஒன்று, உண்மையில் உள்ளே இருக்கிறதா, அல்லது அதற்கான இடம் மட்டும் இருக்கிறதா? கிராஃபிக்ஸ், வை-ஃபை இரண்டுக்கும் இதைக் கட்டாயம் கேட்க வேண்டும். பிராசசரின் முழுப் பெயரைக் கடைசி எழுத்து வரை பில்லில் எழுதச் சொல்லுங்கள்.

இரண்டு, இப்போதே இயங்குமா, நான் இயக்கிவிட வேண்டுமா, எத்தனை நாள் இயங்கும்? சாஃப்ட்வேருக்கு இந்தக் கேள்வி.

மூன்று, பின்னால் மாற்றவோ கூட்டவோ முடியுமா? லேப்டாப்பின் ராமுக்கும் பேட்டரிக்கும் இதைக் கேளுங்கள்.

நல்ல கடைக்காரர் இவற்றுக்குத் தயங்காமல் பதில் சொல்வார். பதிலைக் கொட்டேஷனின் ஓரத்திலேயே குறித்துக் கொண்டு, இரண்டு கடைகளின் விலையை ஒப்பிட்டுப் பாருங்கள். விலை குறைவாகத் தெரியும் கடையில் எந்த பில்ட்-இன் குறைகிறது என்பது அப்போது தெரிந்துவிடும்.